மேடையில் பெண்ணைத் தீர்மானிப்பவர் யார்?

(பெங்களூர் பிரேசர் டவுனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெங்களூரில் பெண்ணின் உருவம் தெருவுக்கு வரும் நிகழ்ச்சிகளில் மிகப் பெரியது கரகம். சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து, மல்லிகைப் பூவால் கூம்பாக அலங்கரித்த கரகத்தைத் தலையில் தாங்கி ஒருவர் புறப்படுகிறார். மஞ்சள் புடவை, வளையல், குங்குமம், பூ. சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். பேட்டைத் தெருக்களை விடிய விடியச் சுற்றி, தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்க் கோயிலுக்குத் திரும்புகிறார். அந்த இரவில் அவர் உடலில் திரௌபதி இறங்கியிருக்கிறாள் என்பது மக்களின் நம்பிக்கை. கரகம் எடுப்பவர் ஆண். தமிழோடு நெருங்கிய உறவுள்ள திகளர் குலத்தவர். மனைவியின் தாலியை அவர் அணிந்துகொள்வதும், கரகம் முடியும்வரை மனைவி அவரைப் பார்க்காமல் ஒதுங்கியிருப்பதும் வழக்கம். மனைவி விலகி நிற்க, அவளுடைய தாலியை அணிந்த ஆண் உடல் பெண்ணாகி ஊராரின் வணக்கத்தைப் பெறுகிறது.

இதில் குறை காண்பது என் நோக்கம் அல்ல. பெண்மை என்பது பிறப்போடு வந்து முடிந்துவிடுவதல்ல, உடையாலும் நடையாலும் பயிற்சியாலும் உருவாக்கப்படுவது என்பதை நம் சடங்குகளும் கலைகளும் வெகுகாலமாக அறிந்திருக்கின்றன. கூச்சிப்பூடியில் தலைமுறை தலைமுறையாக ஆண்களே சத்யபாமாவாக ஆடினார்கள். வேதாந்தம் சத்யநாராயண சர்மாவின் பாமாவைப் பார்த்து வியக்காத ரசிகர் இல்லை. நம் தெருக்கூத்தில் திரௌபதி மரபாக ஆண்தான். ஆண் பெண்மையை உடுத்திக்கொள்ள நம் சமூகம் தாராளமாக இடம் கொடுத்தது, சில இடங்களில் அதை வணங்கவும் செய்தது. பெண்ணின் நிலை வேறு. தன் மேல் பிறர் போர்த்திய பெண்மையை அவள் சற்று விலக்கிவைக்க முயன்ற போதெல்லாம் சட்டமும் சபையும் சமூகமும் குறுக்கே வந்து நின்றன. பெண்ணின் அடையாளத்தையும் சமூகத்தில் அவளுடைய இடத்தையும் ஆராய்வதாகச் சொல்லும் இன்றைய நடனத்தை எடைபோடும்போது இந்த ஏற்றத்தாழ்வை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம். பெண்ணைப் பற்றிய கதையைத் தேர்ந்தெடுத்துவிட்டதால் மட்டும் ஒரு படைப்பு பெண்ணுடையதாகிவிடாது. சீதையின் துயரத்தையோ பெண்சிசுக் கொலையையோ எடுத்துக்கொண்டு, பழைய அடவுகளில், பழைய புன்னகையோடு, பிறர் வகுத்த முறையில் ஆடி முடித்துவிடலாம். ஆடுகிற பெண் எதைச் சொல்கிறாள், எந்த உடலோடு சொல்கிறாள், எந்த இடத்தில் நின்று சொல்கிறாள் என்பவற்றை அவளே தீர்மானித்தாளா என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த ஊரின் பெயரையே தன் பெயரில் தாங்கியவரிடமிருந்து சான்றைத் தொடங்குகிறேன். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878-ல் தேவதாசி மரபில் பிறந்தார். பாட்டும் ஆட்டமும் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்று, இளம் வயதிலேயே மைசூர்ச் சீமையில் பெயர் பெற்று, பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்த்வனம் என்னும் காவியத்தை அவர் தேடிப் பதிப்பித்தார். 1910-ல் சென்னை வாவிள்ள பதிப்பகம் அதை வெளியிட்டது. ராதை தான் வளர்த்த இளாதேவியைக் கண்ணனுக்கு மணம் முடித்துவைக்கிறாள். பிறகு பிரிவிலும் பொறாமையிலும் வெந்து சினக்கிறாள். கண்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்தக் காவியத்தில் ஆசைப்படுபவள் பெண். அதிலும் வயதில் மூத்தவள். முன்பு வந்திருந்த பதிப்பில் பல பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. முத்துப்பழனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பகுதியும் அவற்றில் ஒன்று. தெலுங்கு நாட்டின் பெரிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் இந்த நூலை வேசி எழுதிய ஆபாசம் என்று ஒதுக்கினார். ஆண் புலவர்களின் சிருங்காரத்தை ஏற்றுக்கொண்டவர்கள் பெண் எழுதியபோது மட்டும் ஏன் கூசுகிறார்கள், வெட்கம் பெண்களுக்கு மட்டும்தான் இயல்பா என்று நாகரத்தினம்மாள் தம் முன்னுரையில் வாதாடினார். அரசு வாதத்துக்குக் காது கொடுக்கவில்லை. 1911-ல் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. நாடு விடுதலை பெறும் தறுவாயில், அரசியல் தலைவர் டங்குடூரி பிரகாசத்தின் முயற்சியால்தான் அந்தத் தடை நீங்கியது.

திருவையாற்றிலும் இதுவே நடந்தது. கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜரின் சமாதியில் தம் செல்வத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பியவர் நாகரத்தினம்மாள். அங்கே ஆராதனையில் பாடப் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லப்பட்டது. அவர் பெண் கலைஞர்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். பல ஆண்டுகளுக்குப் பிறகே பிரிவுகள் ஒன்றாயின. இன்று தொலைக்காட்சியில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து பாடுவதைப் பார்க்கிறோமே, அந்த உரிமை இப்படிப் போராடி வாங்கப்பட்டது. சொல்லும் இடமும் தன்னுடையவை என்று ஒரு பெண் எழுந்தபோது நூலுக்குத் தடை வந்தது, மேடைக்கும் தடை வந்தது. புதிய நடனத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1980-களிலிருந்து தொடங்குகிறார்கள். 1910-லிருந்து தொடங்குவதே நியாயம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர்களும் பெண்கள்தாமே? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் அதே மரபிலிருந்து வந்தவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்து வெளியேறியவர். 1936-ல் அவர் எழுதிய தாசிகள் மோசவலை நாவல் அந்த அமைப்பின் கொடுமையைத் தோலுரித்தது. விவரம் அறியாத வயதில் ஒரு சிறுமிக்குக் கோயிலுக்கென்று பொட்டுக்கட்டிவிட்டு, பிறகு அவளுடைய சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையா என்று அவர்கள் கேட்டார்கள். நேர்மை இல்லைதான். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது சரி. அதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. வடகர்நாடகத்தில் எல்லம்மன் பெயரால் தலித் குடும்பங்களின் சிறுமிகள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், 1982-ல் கர்நாடகமும் தனிச் சட்டம் கொண்டுவர நேர்ந்ததன் காரணத்தை அறிவார்கள். ஆனால் 1947-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடுப்பதோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையே அது சட்டவிரோதமாக்கியது. சிறுமியைக் காப்பது ஒன்று, கலைஞரின் காலைக் கட்டுவது வேறொன்று. இந்த இரண்டையும் ஒரே சட்டத்தில் சேர்த்ததன் விளைவை அந்தக் குடும்பங்களின் பெண்கள் இன்றுவரை சுமக்கிறார்கள். மைசூர் சமஸ்தானம் இன்னும் முன்பே, 1909-ல், கோயில்களில் தேவதாசிகளின் பணியை நிறுத்திவிட்டது. அரண்மனை ஆதரவு மட்டும் மிஞ்சியதால் மைசூரில் ஆட்டம் உயிர்தப்பியது.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். பின்னர் பரதநாட்டியம் என்று பெயர் பெற்ற சதிர் ஆட்டத்தைக் காக்க முன்வந்த வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் தாமே ஆட்டம் கற்றுப் பெண் வேடமிட்டு மேடையேறினார். அவருடைய துணிவு பெரிது. ஆனால் அந்தக் காலத்தைக் கவனியுங்கள்: அந்த ஆட்டத்தைப் பரம்பரையாக ஆடிவந்த பெண் மேடையில் நின்றால் கேவலம் என்றார்கள், அவளுடைய புடவையைக் கட்டிக்கொண்டு ஆண் நின்றபோது அது கலைத்தொண்டு ஆயிற்று. 1935-ல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டு அவர் நிறுவிய கலாக்ஷேத்ராவின் பணி தொடங்கியது. பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருவர் அன்று மேடையேறியது சாதாரணக் காரியம் அல்ல. அவர் உடைத்த சுவரின் வழியாகத்தான் லட்சக்கணக்கான சிறுமிகள் ஆட வந்தார்கள். அந்த வாசல் ஒரு நிபந்தனையோடு திறந்தது. சிருங்காரம் பக்தியாக மாற வேண்டும், சில பதங்களும் ஜாவளிகளும் ஒதுக்கப்பட வேண்டும், ஆடுபவள் குலமகளாகவே தோன்ற வேண்டும். இதை ஏற்க மறுத்தவர் பாலசரசுவதி. வீணை தனம்மாளின் பேத்தியான அவர், சிருங்காரமே அபிநயத்தின் சிகரம், அதைத் தூய்மைப்படுத்தத் தேவை எதுவும் இல்லை என்ற கொள்கையில் கடைசிவரை உறுதியாக நின்றார். உலகம் அவரைக் கொண்டாடியது. அவர் பிறந்த சமூகத்தின் மற்றப் பெண்களுக்கோ மேடை கிடைக்கவில்லை.

புதிய ஏற்பாடு மேல்சாதிப் பெண்களுக்காவது முழு உரிமை தந்ததா என்றால் அதுவும் இல்லை. கலாநிதி நாராயணன் சிறுமியாக மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றார். திருமணத்தோடு ஆட்டம் நின்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1973-ல்தான் அவர் மீண்டும் சலங்கையின் உலகத்துக்கு, ஆசிரியராக, திரும்பினார். அதன் பின் பதங்களின் நாயகியை வெட்கமின்றி, அறிவோடு, வகைவகையாக விரித்துக் காட்டும் வித்தையை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார். 1985-ல் பத்மபூஷண் வந்தது. இடையில் போன முப்பது ஆண்டுகளை எந்த விருதும் திருப்பித் தராது. இந்தக் கூடத்திலேயே, கல்யாணத்துக்கு முன் ஆடியதாகச் சொல்லும் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நம்மவர்கள் லட்சக்கணக்கில் குடியேறிய மலாய் நாட்டைப் பாருங்கள். அங்கே ரொங்கெங் என்ற ஆட்டத்தில், கூலிக்கு ஆடும் பெண்கள் ஆண்களோடு பாட்டுக்குப் பாட்டு எதிர்ப்பாட்டு கட்டி ஆடினார்கள். அவர்களைச் சமூகம் இழிவாகவே பார்த்தது. ஜொகெட் ஆட்டம் அதிலிருந்து கிளைத்தது; பின்னாளில் அரசு விழாக்களின் அலங்காரமாகி, பள்ளிப் பிள்ளைகள் கற்கும் தேசிய நடனமாயிற்று. ஆட்டத்துக்குப் பெருமை வந்தது, ஆடியவள் விலக்கப்பட்டாள். அரபு வணிகர் வழியாக வந்த ஜாப்பின் முதலில் ஆண்கள் மட்டும் ஆடியது. பெண்கள் அதில் இடம்பெற இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது கிளந்தானின் மாக் யோங். ஆட்டமும் பாட்டும் நாடகமும் கலந்த அந்தக் கலையில் நாயகனான அரசனின் வேடம், பாக் யோங், பெண்ணுடையது. ரெபாப் என்னும் நரம்புக் கருவியை நோக்கி அமர்ந்தபடி மெல்ல மெல்லக் கைகளால் ஆடித் தொடங்கி, பிறகு எழுந்து அரசனாக நடக்கிறாள். கத்தீஜா அவாங் இந்த வேடத்தால் புகழ்பெற்று மலேசியாவின் தேசியக் கலைஞர் பட்டம் பெற்றவர். யுனெஸ்கோ 2005-ல் மாக் யோங்கை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. அதே வேளையில், அது பிறந்த கிளந்தானிலேயே 1991 முதல் அதைப் பொதுவில் ஆடத் தடை இருந்தது. 2019-ல் தடை தளர்ந்தபோதும் சமயச் சட்டத்துக்கு இணங்கும் நிபந்தனைகளோடுதான் தளர்ந்தது. பழைய சடங்கு நம்பிக்கைகளும் அந்தத் தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன என்பதை மறைக்க விரும்பவில்லை. பெண் ஊரறிய மேடையேறி ஆடுவதும் காரணங்களில் ஒன்றாக இருந்தது என்பதும் உண்மை. திகளர்பேட்டையில் ஆண் திரௌபதியாகலாம். கிளந்தானின் கோத்தா பாருவில் பெண் அரசனாவதற்கு இத்தனை சிக்கல். சமயம் வேறு, மொழி வேறு, நாடு வேறு. பாரபட்சத்தின் திசை மட்டும் மாறவில்லை.

சிங்கப்பூரில் இதற்கு மாறான, இதமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கேரளத்திலிருந்து திருமணமாகிப் போன சாந்தா பாஸ்கர், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், 1958-ல் சீனர்களின் வண்ணத்துப்பூச்சிக் காதலர் கதையைப் பரதநாட்டியமாக அமைத்தார். அந்தக் கதையின் நாயகி கல்வி கற்பதற்காக ஆண் வேடம் பூண்டு பள்ளிக்குப் போகிறவள். அண்டை வீட்டார் கதையை எடுத்துத் தம் நடன மொழியில் சொல்ல அவர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இப்போது நடனக் கலைஞர் சந்திரலேகா. என் வாதத்தின் மையம் இவர்தான் என்பதால் இவரிடம் சற்று அதிக நேரம் நிற்கிறேன். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பயின்ற இவருடைய அரங்கேற்றம் 1952-ல், ராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. யமுனையின் நீரைக் கைகளால் அள்ளித் தெளித்து ஆடிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீரில்லாமல் வெடித்துக் கிடந்த ராயலசீமை மண்ணின் நினைவு வந்து தன்னை உலுக்கியதாக அவர் பின்னாட்களில் பலமுறை சொல்லியிருக்கிறார். கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளிதான் அவரைப் பல ஆண்டுகள் மேடையைவிட்டே விலக்கியது. பெண்கள் இயக்கத்திலும் சுவரொட்டி வடிவமைப்பிலும் மக்கள் உரிமைப் பணிகளிலும் ஈடுபட்டார். 1980-களின் நடுவில் திரும்பி வந்தபோது புதிய கதை எதையும் கொண்டுவரவில்லை. கதையையே எடுத்துவிட்டார். 1985-ல் வந்த அங்கிகா என்ற படைப்பில் பரதத்தின் அரைமண்டியும் களரிப்பயிற்றின் தாழ்நிலைகளும் யோகமும் ஒரே உடலின் தொடர்ச்சியாக நின்றன. நகை இல்லை, கோயில் பின்னணி இல்லை, வராத நாயகனுக்காக வாசலைப் பார்க்கும் கண்கள் இல்லை. ஆணை வாகனமாக்கி அவன் மேல் பெண் அமரும் காட்சி ஒன்று அதில் உண்டு. நம் கோயில் சிற்பங்களில் நரவாகனத்துக்கு முன்மாதிரி இருக்கிறது. ஆனாலும் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

1990-ஐ ஒட்டி வந்த ஸ்ரீ என்ற படைப்பு இன்னும் நேரடியானது. முதுகெலும்பு வளைந்த பெண்கள் மேடையைக் கடக்கிறார்கள். குனிந்த முதுகு, தாழ்ந்த தலை, இழுத்து நகரும் கால். யாரும் அழுது காட்டவில்லை, விளக்கவும் இல்லை. சமூகம் பெண்ணுக்கு என்ன செய்தது என்பதை ஒரு முதுகெலும்பு சொல்லிவிடுகிறது. இறுதியில் பல கைகள் கொண்ட உருவமாக அவர்கள் நிமிர்கிறார்கள். நிமிர்ந்த முதுகுதான் பரதத்தின் முதல் பாடம் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் இதன் வலிமை விளங்கும். எல்லாச் சிறுமிகளுக்கும் நாம் கற்றுக்கொடுக்கும் அந்த நிமிர்வு மேடையோடு முடிந்துவிடுகிறது, வீட்டுக்குள் வருவதில்லை என்பதை நடனத்தின் இலக்கணத்தைக் கொண்டே அவர் காட்டினார். கடைசிப் படைப்பான சரீரா 2001-ல் வந்தது. குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசை. ஒரு பெண், ஒரு ஆண். மிக மெதுவான அசைவு. அங்கே பெண் உடல் பிறர் பார்வைக்கு வைத்த பொருளாக இல்லை, அசைவு பிறக்கும் இடமாக இருக்கிறது. அவரிடம் பத்தாண்டுகள் ஆடிய பத்மினி செட்டூர் பின்னர் தமக்கென்று ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டார். அதில் நாயகியும் இல்லை, தேவியும் இல்லை, எடையும் மூட்டும் மூச்சும் கொண்ட உடல் மட்டும் இருக்கிறது. சந்திரலேகா 2006-ல் மறைந்தார். அவர் திறந்துவிட்ட கேள்வி மறையவில்லை.

இவர்களைப் பற்றிப் பேசினால் உடனே எழும் மறுப்பு, இது மேற்கத்திய இறக்குமதி என்பது. சந்திரலேகா எடுத்துக்கொண்டவை பரதம், களரி, யோகம், தந்திர மரபு ஆகியவை. முத்துப்பழனி எழுதியது தஞ்சையில். பாக் யோங் நடந்தது கிளந்தான் கிராமங்களில். பெண் தன்னைத் தானே வரைந்துகொள்ளும் ஆசை ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திறங்கியதல்ல. அதை ஆபாசம் என்று அடக்கிய கூச்சத்தில்தான் விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் சாயல் இருக்கிறது. இன்னொரு மறுப்பு நுட்பமானது: பரதநாட்டியத்தில் பெண்கள் ராமனாகவும் கண்ணனாகவும் ஆடுகிறார்களே, கலாக்ஷேத்ரா ராமாயணத்தில் பெண்ணே ராமனாக நிற்கவில்லையா, பிறகு ஏற்றத்தாழ்வு எங்கே? உண்மைதான், நிற்கிறாள். ஆனால் ஆண் வேடத்தைப் பெண்ணுக்கு மறுத்தார்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. வேடம் கலைந்த பிறகு அவள் யாராக இருக்கலாம் என்பதில்தான் கட்டுப்பாடு. ராமனாக ஆடியவள் அடக்கமான குலமகளாகத் திரும்பிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. தன் பெயரில், தன் வயதில், தன் கோபத்தோடும் ஆசையோடும் நின்றால் சங்கடம் தொடங்குகிறது. மூன்றாவதாக, இந்தப் புதிய நடனம் ஆங்கிலம் பேசும் சிலருக்கானது, சாமானியருக்கு எட்டாது என்பார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. வெளிநாட்டு விழாக்களையும் நகரத்துச் சிறு அரங்கங்களையும் நம்பி வாழும் கலை, நம் தெருக்களிலிருந்து தூரத்தில்தான் இருக்கிறது. அதைக் கலைஞர்கள் சரிசெய்ய வேண்டும், தமிழிலும் கன்னடத்திலும் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெருக வேண்டும். ஆனால் கேள்வியே மேட்டுக்குடியுடையது என்று முடிவுகட்டுவது தவறு. அதற்கு இரண்டு பேரைக் காட்டுகிறேன்.

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், திருநங்கை என்பதால் குடும்பத்தைவிட்டு விலக நேர்ந்தவர். தஞ்சை நால்வர் வழிவந்த கே. பி. கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் குருகுலமாக இருந்து பயின்றார். தமிழ் இலக்கியத்தையும் பக்திப் பாடல்களையும் மரபான பரதத்திலேயே ஆடுகிறார். 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை ஆனார். பல்லாரிப் பக்கத்து மஞ்சம்மா ஜோகதி, எல்லம்மன் வழிபாட்டோடு சேர்ந்த ஜோகதி ஆட்டத்தைத் தெருவிலும் மேடையிலும் ஆடி வாழ்ந்தவர். கர்நாடக ஜானபத அகாதெமியின் தலைவரானார், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரே இரவில் பெண்ணாகி விடிந்ததும் ஆணாகத் திரும்பும் உடலை வணங்கத் தெரிந்த நாம், திரும்பாமல் பெண்ணாகவே வாழ்ந்தவர்களைத் தெருவில் விட்டோம். அவர்கள் ஆடியே தங்கள் இடத்தைப் பெற்றார்கள். வடிவம் பழையதா புதியதா என்பது இரண்டாம்பட்சம் என்பதற்கு நர்த்தகியே சான்று. அவர் மரபின் இலக்கணத்தை மாற்றவில்லை. தாம் ஆடும் நாயகி யார் என்பதை அவரே தீர்மானித்தார். அவ்வளவில் நூற்றாண்டுப் பழமையான வர்ணமும் பதமும் புதிய பொருள் கொண்டன.

பெங்களூருக்கும் மைசூருக்கும் இந்த விஷயத்தில் நல்ல அடித்தளம் உண்டு. ஜட்டி தாயம்மாவிடம் பயின்று மைசூர் அரண்மனையில் பல்லாண்டு ஆடிய வெங்கடலட்சம்மா, லம்பாணி சமூகத்தில் பிறந்தவர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நடனத் துறையின் பொறுப்பை ஏற்றுக் கற்பித்தார்; 1992-ல் பத்மபூஷண் பெற்றார். முதுமையிலும் உட்கார்ந்தபடியே அவர் காட்டிய அபிநயத்தைப் பார்க்க ஆட்கள் கூடினார்கள். நடனம் இளமையின் சொத்து என்ற எண்ணத்துக்கு அவரைவிட நல்ல பதில் கிடையாது. 1990-ல் ஹெசரகட்டாவில் புரோதிமா பேடி தொடங்கிய நிருத்யகிராமம், பெண்கள் சேர்ந்து வாழ்ந்து ஒடிசியை மறுபடி கட்டிய இடம். 1992-ல் உருவான ஆட்டக்களரி, சமகால நடனத்துக்கு இந்த நகரத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தைத் தந்தது. இவையெல்லாம் இருந்தும் நம் வீட்டுப் பிள்ளைகளின் நடனக் கல்வி, ஜூனியர், சீனியர், வித்வத் தேர்வு என்று ஏறி அரங்கேற்றத்தோடு நின்றுவிடுகிறது. பதினைந்து வயதுப் பெண் விரகத்தை ஆடிக் காட்டி மதிப்பெண் வாங்குகிறாள். அதன் பொருள் அவளுக்கு விளங்கும் வயது வரும்போது அவள் ஆடுவதில்லை.

1898-ன் பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்க 1906-ல் அடிக்கல் நாட்டி எழுந்தது இந்தப் பிரேசர் டவுன். இதைச் சுற்றியுள்ள கன்டோன்மெண்ட் பகுதியில் தமிழர்கள் இருநூறு ஆண்டுகளாகப் பள்ளியும் கோயிலும் தேவாலயமும் சங்கமும் கட்டி வாழ்கிறார்கள். நமக்கு மண்டபங்களுக்குக் குறைவில்லை. ஆகவே இங்குள்ள சங்கங்களுக்கும் சபாக்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் எத்தனையோ அரங்கேற்றங்களுக்கு மண்டபம் கொடுக்கிறோம். நாற்பது வயதைத் தாண்டிய பெண் ஒருவர் தாமே அமைத்த படைப்பை ஆட ஒரு மாலையை ஒதுக்குங்கள். தேவதாசி மரபோடு சேர்ந்த இசை வேளாளர் குடும்பங்களிலிருந்து இன்று ஆட வருகிற பெண்களை அழைத்து, அவர்கள் பாட்டிமார் ஆடிய பதங்களை எதையும் வெட்டாமல் ஆடச் சொல்லுங்கள். திருநங்கைக் கலைஞர்களைத் திறப்புவிழா அலங்காரமாக அல்லாமல் முழு நிகழ்ச்சிக்கு அழையுங்கள். என்ன ஆட வேண்டும், என்ன உடுத்த வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று அழைப்பிதழோடு நிபந்தனை அனுப்பாதீர்கள். மகளை நடன வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, அவள் தொடர்ந்து ஆடுவாள் என்பதையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.